கச்சியும் தென்கச்சியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓரிக்கை என்னும் பெயருக்கு இவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் காரணத்தை, வெளியூரிலிருந்து வந்துள்ள அன்பர்களின் பொருட்டு ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. திருமழிசையாழ்வாரின் மாணவர் கணிகண்ணன். தன்னைப் பாடவேண்டும் என்று பல்லவ மன்னன் கேட்டான், கணிகண்ணன் மறுத்தார், மன்னன் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். மாணவன் இல்லாத ஊரில் ஆசிரியர் இருக்க விரும்பவில்லை. புறப்படும்போது திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளையும் தம்மோடு வந்துவிடுமாறு ஆழ்வார் கூறினார். பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கியிருந்த இடம் ஓரிரவிருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் வருந்தி வேண்டிய பிறகு மூவரும் திரும்பினர். திரும்பிய பெருமாள் மாற்றிப் படுத்துக்கொண்டார் என்பதும், சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது என்பதும் கதையின் எஞ்சிய பகுதி. சொற்பிறப்பியலார் இதனை ஏற்பார்களா என்பது வேறு வழக்கு. இங்குக் கருதத்தக்கது ஒன்றே. ஆழ்வார் ஓலை எழுதி அனுப்பவில்லை. வாயால் சொன்னார், கேட்டவர் எழுந்து நடந்தார்.

வாய்ச்சொல்லுக்கு இத்துணை ஏற்றம் தந்த ஊரில், வாயால் சொல்லியே எழுத்தாளர் என்று பெயர் பெற்ற ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்பதால் தென்கச்சி கோ. சுவாமிநாதன் இவ்வுரையின் பொருளாகிறார்.

இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் கேட்கும் தொடர் பேச்சுகளை 'பாட்காஸ்ட்' என்கின்றனர். 2004-இல் ஆங்கில இதழொன்றில் முதன்முதலாக ஆளப்பட்ட சொல் அது. தமிழில் வலையொலி என்று வழங்கத் தொடங்கியிருக்கிறோம். ஒருவர் தனியே அமர்ந்து பேசுகிறார். ஒருவர் தனியே இருந்து கேட்கிறார். நாள் தவறாமல் அல்லது வாரம் தவறாமல் இது தொடர்கிறது. பேசியது பிறகு நூலாகிறது. இதைப் புதுமை என்று கொண்டாடுவோர், 1988-ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை வானொலியில் காலைதோறும் ஒலித்த 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். கருவி வேறு; இலக்கணம் ஒன்றுதான்.

அவர் ஊர்ப்பெயரைக் கேட்டதும் காஞ்சிக்காரர்களின் செவி சற்று நிமிர்வது இயல்பு. கச்சி என்பது இந்நகரின் பழம்பெயர் அல்லவா? இன்றைய அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டம் வட்டாரத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது தென்கச்சிப்பெருமாள்நத்தம். அது பழைய உடையார்பாளையம் ஜமீன் வழங்கிய பகுதி. அந்த ஜமீன்தார்கள் தங்கள் பெயருக்கு முன்னால் 'கச்சி' என்பதைச் சேர்த்துக்கொண்டவர்கள். உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அக்குடும்பத்தாரைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். வடக்கே இருந்த கச்சியின் நினைவைத் தெற்கே கொண்டுபோய் ஊருக்குப் பெயராகச் சூட்டினார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த ஊர்ப்பெயரின் முன்பாதியை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டு, தமிழ்நாடு முழுவதும் 'தென்கச்சி' என்றாலே தம்மைக் குறிக்குமாறு செய்துவிட்டார் சுவாமிநாதன். ஊர் பெயர் கொடுத்தது. அவர் அதை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

1940-களில் பிறந்த அவர் இலக்கியம் கற்று வந்தவர் அல்லர். வேளாண்மையில் பட்டம் பெற்றவர். 1970-களின் பிற்பகுதியில் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் வேளாண் ஒலிபரப்புப் பணியில் சேர்ந்தார். 1963-இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. பின்னர்ச் சென்னை நிலையத்துக்கு மாறினார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் பலர் ஒரு வரியில் கடந்துவிடும் செய்தி இது. ஆனால் அவருடைய நடை பிறந்த இடம் இதுவே என்பதால் இங்குச் சற்று நின்றுதான் ஆகவேண்டும்.

வேளாண் ஒலிபரப்பு என்பது எளிதான பணியன்று. நகரத்து அறிஞர் எழுதித் தந்த கட்டுரையை ஒலிவாங்கியின் முன் படித்தால், உழவர் பெட்டியை மூடிவிட்டுக் கழனிக்குப் போய்விடுவார். இதனை முதலில் உணர்ந்தவர்கள் வானொலியின் பண்ணை நிகழ்ச்சிக்காரர்கள். 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் வெளிவந்தது. தஞ்சைத் தரணியில் அந்த நெல்லைப் பரப்பியதில் வானொலிக்குப் பெரும்பங்கு இருந்தது. எந்த நாளில் விதைக்கவேண்டும், எத்தனை நாளில் பறித்து நடவேண்டும், எந்த அளவு உரம் இடவேண்டும் என்பதையெல்லாம் உழவர்கள் செவிவழியே அறிந்தனர். எண்ணும் எழுத்தும் கலந்த அதிகாரப் பெயரை அவர்கள் நாவில் ஏற்றவில்லை. 'ரேடியோ நெல்லு' என்றே அழைத்தனர். ஒரு பயிருக்கு ஒலிபரப்பின் பெயர் வாய்த்தது. இலக்கிய உலகில் எந்த வானொலி நாடகத்துக்கும் கிட்டாத சிறப்பு இது.

பேச்சு பயன்பட்டதா இல்லையா என்பதை அறுவடைநாள் காட்டிவிடும் துறை அது. அங்கே பழகியவருக்கு அலங்காரத்தில் நம்பிக்கை இருக்காது. ஒரு செய்தியைச் சொல்லும் முன் கேட்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார், அவர் கை என்ன செய்துகொண்டிருக்கிறது, எந்தச் சொல்லை அவர் வீட்டில் சொல்வார்கள் என்று எண்ணிப்பார்க்கும் பழக்கம் வந்துவிடும். சுவாமிநாதன் சென்னைக்கு வந்து உழவு பற்றியல்லாத செய்திகளைப் பேசத் தொடங்கியபோதும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. நகரவாசிகளையும் அவர் வரப்பில் அமர்ந்திருப்பவர்களைப் போலவே நடத்தினார். நகரவாசிகளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

நிகழ்ச்சியின் அமைப்பை அவையோர் பலர் அறிவர். ஐந்து நிமிட அளவே நீளும். முதலில் ஒரு தகவல். உடல்நலக் குறிப்பாக இருக்கலாம். அறிவியல் செய்தியாக இருக்கலாம். பெரியோர் ஒருவரின் வாழ்க்கை நிகழ்ச்சியாகவோ, முல்லா கதையாகவோ, ஜென் துறவியின் சொல்லாகவோ இருக்கலாம். அதைத் தமக்கே உரிய மெல்லிய, ஏற்ற இறக்கம் குறைந்த, கிராமத்துத் திண்ணைக் குரலில் அவசரமில்லாமல் சொல்லுவார். முடிவில் ஒரு சிரிப்புக் கதை. தொடக்கத்தில் அந்தக் கதைக்கும் தகவலுக்கும் தொடர்பு இல்லாததுபோல் இருக்கும். கடைசி வரியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். கேட்டவர் சிரிப்பார், சொன்னவர் சிரிக்கமாட்டார். அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்பு வந்துவிடும்.

அமைப்பை விளக்கும் பொருட்டு, அவருடையதல்லாத ஒரு கதையைக் கற்பனையாகக் கட்டிக்காட்டலாம். சினம் உடலுக்குக் கேடு, சினம் வரும்போது ஒன்று முதல் பத்துவரை எண்ணினால் தணியும் என்பது தகவல் என்று கொள்வோம். ஒருவர் மருத்துவரிடம் இந்த வழியைக் கேட்டுக்கொண்டு போகிறார். ஒரு மாதம் கழித்து மருத்துவர் கேட்கிறார், "பயன் இருந்ததா?" "நல்ல பயனுங்க. நான் ஒண்ணுன்னு ஆரம்பிச்சதுமே எங்க வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிடறாங்க. பத்து எண்ணி முடிச்சுப் பார்த்தா கோபப்பட ஆளே இல்லை."

இதில் நிகழ்வது என்ன? அறிவுரை பலித்துவிட்டது, ஆனால் அறிவுரை சொன்ன வழியில் பலிக்கவில்லை. கேட்பவர் மனத்தில் அறிவுரையும் தங்குகிறது, அறிவுரையைப் பற்றிய ஒரு மெல்லிய ஐயமும் தங்குகிறது. ஆயிரக்கணக்கான நாள்கள் மக்களுக்கு நல்லது சொல்லிவந்த ஒருவர் அவர்களுக்குச் சலிப்பூட்டாமல் இருந்ததன் மறைபொருள் இந்த ஐயத்தில் இருக்கிறது. நீதி சொன்னவுடன் அந்த நீதியை லேசாகக் கிள்ளிவிடுவார். அதனால்தான் நீதிநூல் கேட்ட களைப்பு எவருக்கும் வரவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்கு வகையாகப் பிரிப்பது புலவர்கள் அறிந்தது. அவற்றுள் ஒன்று பொய்ம்மொழி, மற்றொன்று நகைமொழி. முன்னது நடவாத ஒன்றைக் கட்டிச் சொல்லும் கதை. பின்னது நகையோடு பொருளும் பொதிந்து வருவது. பாட்டே இலக்கியம் என்றிருந்த காலத்தில், நகைச்சுவைக் கதைக்கும் இலக்கணநூலில் ஓர் இடம் ஒதுக்கிவைத்த பெருமை தமிழுக்கு உண்டு. அந்த இடம் நெடுங்காலம் ஏறத்தாழ ஆளில்லாமலே கிடந்தது. திண்ணையிலும் களத்துமேட்டிலும் குடியிருந்தவர்கள் அதில் வாழ்ந்தார்கள். ஏட்டில் அவர்கள் பெயர் ஏறவில்லை. தென்கச்சியார் அவ்வகையைச் சேர்ந்தவர் என்று கொண்டால், அவர் இலக்கியவாதியா அல்லரா என்னும் வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

மெய்ப்பாட்டியல் நகையை எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடம் ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. தென்கச்சியாரின் கதைகளை இந்த நான்கு உரைகற்களிலும் உரசிப் பார்ப்பது நல்ல பயிற்சி. பேதைமையும் மடமும் அவரிடம் மிகுதி. ஒன்றும் அறியாதவன் ஒருவன், சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாதவன் ஒருவன் என்று இந்த இருவரும்தான் அவர் கதைகளின் நிலையான மாந்தர். இளமை, அதாவது சிறுபிள்ளைத்தனம், அடிக்கடி வரும். எள்ளல் அரிது. வந்தாலும் பெரும்பாலும் அது சொல்பவரையே சுடும். பிறரை எள்ளிச் சிரிக்கவைப்பது மேடையில் எளிது. கைதட்டலும் உடனே கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கானோர் வீட்டுக்குள் நுழையும் குரலுக்கு அந்த உரிமை இல்லை. எள்ளப்படுபவன் அந்த வீட்டிலேயே இருக்கக்கூடும். மாமியார், மருமகள், திக்குவாய்க்காரர், கடன்காரர் என்று எவரையும் முகம் சுளிக்க வைக்காமல் நாள்தோறும் சிரிப்பூட்டுவது எத்துணை அரிது என்பதை, பட்டிமன்றங்களைத் தொடர்ந்து கேட்டுவருவோர் எளிதில் உணர்வர்.

பட்டிமன்றம் என்றதும் மேடை நினைவுக்கு வருகிறது. மேடை என்றால் காஞ்சி அண்ணாவை நினையாமல் இருக்கவியலாது. 1909-இல் இம்மண்ணில் பிறந்த அண்ணா தமிழ்ப் பேச்சுக்கு ஓர் உருவம் தந்தார். அடுக்குமொழியும், அலையலையாக ஏறிவரும் வாக்கியமும், கடைசியில் வந்து விழும் வினைமுற்றும் சேர்ந்து ஆயிரம் பேரை ஒரே உடலாக ஆக்கிவிடும். தமிழின் வாக்கிய அமைப்பே இதற்குத் துணைநிற்பது. வினை இறுதியில் வருவதால் கேட்பவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பே மேடைப் பேச்சாளரின் கைப்பொருள். வானொலியில் அதே காத்திருப்பு பகையாகிவிடும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், அடுப்படியில் பால் பொங்கி, வினைமுற்று வருவதற்குள் கேட்பவர் எழுந்துபோய்விடுவார். எனவே தென்கச்சியார் வாக்கியங்களை உடைத்தார். ஒருவர் இருந்தார் என்பது ஒரு வாக்கியம். அவருக்கு ஒரு கவலை என்பது அடுத்தது. 'அவர்', 'அது' என்று சுட்டிவிட்டுப் போகாமல், ஆளின் பெயரையே மறுபடி சொன்னார். நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் கதை புரியவேண்டும் அல்லவா? அண்ணாவின் தமிழ் கூட்டத்தை நோக்கியது. இவர் தமிழ் ஒருவரை நோக்கியது. இரண்டும் ஒரு மொழியின் இரு கரைகள். ஒன்றை வைத்து மற்றொன்றை அளக்கக்கூடாது.

கேட்பவர் கூட்டமல்லர், ஒருவரே என்னும் உண்மையை உலகெங்கும் ஒலிபரப்பாளர்கள் தட்டுத்தடுமாறியே கண்டறிந்தனர். பி.பி.சி.யின் உரைப் பிரிவுக்கு முதல் இயக்குநராக விளங்கிய ஹில்டா மேத்தசன், ஒலிவாங்கியின் முன் கட்டுரை படிப்பதும் மேடை முழக்கம் செய்வதும் எடுபடா என்பதைத் தம் பட்டறிவில் உணர்ந்து, 1933-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அமெரிக்காவிலிருந்து ஆலிஸ்டர் குக் அனுப்பிவந்த வானொலி மடல் 1946-இல் தொடங்கி 2004 வரை 2,869 முறை ஒலிபரப்பாயிற்று. எழுதியதை எழுதியதாகத் தெரியாமல் பேசுவதே அவர் திறம். தமிழில் இத்துறைக்கு முதல் நூல் தந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஈழத்தவரான சோ. சிவபாதசுந்தரம். ஈழகேசரியின் ஆசிரியராக இருந்து, இலங்கை வானொலிக்கும் பின்னர் இலண்டனுக்கும் சென்றவர். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் அவரே. 1954-இல் அவருடைய 'ஒலிபரப்புக் கலை' வெளிவந்தது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றுபோயிற்று; பெயர் நினைவில் இருக்கிறது. சிவபாதசுந்தரம் போன்றோர் கலையாக வகுத்ததைத் தென்கச்சியார் பழக்கமாகச் செய்துகாட்டினார். அந்நூலை அவர் கற்றாரா என்பது இங்கு முதன்மையன்று. கொல்லர் பட்டறையில் பிறந்த பிள்ளை இரும்பைப் பற்றிய நூலைப் படித்தா சம்மட்டி பிடிக்கிறது?

இந்நகரில் அந்தக் குரல் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பட்டுத்தறி வீடுகளில் வானொலி வெறும் பொழுதுபோக்குக் கருவியாக இருந்ததில்லை. குழித்தறியில் அமர்ந்தவரின் கால் மிதியில் இருக்கும். கை நாடாவில் இருக்கும். கண் பாவில் இருக்கும். கோர்வைச் சேலையாயின் உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. எதிர்ப்பக்கத்துக் கரைக்குத் துணையாள் ஒருவர் வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க முடியாது. இழை தப்பினால் நாளின் கூலி போயிற்று. செவி ஒன்றுதான் நெசவாளருக்கு எஞ்சியிருந்த உடைமை. அந்தச் செவிக்கு வந்து சேர்ந்தவை டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்தி, திரைப்பாட்டு, நாதசுரம், பிறகு இந்தத் தகவல். நாளேட்டை விரித்துப் படிக்க நேரமில்லாதவருக்கு அது நாளேட்டின் ஞாயிறு மலராக இருந்தது. தறியோசையின் தாளத்துக்குள் அடங்கும் வேகத்தில் அவர் பேசியதும் ஒரு நற்பேறே. விரைந்து பேசும் அறிவிப்பாளரின் சொல்லை நாடாவின் ஓசை தின்றுவிடும். தென்கச்சியாரின் சொல் இரண்டு ஓசைகளுக்கு நடுவில் வந்து நிற்கும்.

தறிவீட்டில் கேட்ட கதை மாலையில் தெருவில் மறுபடி சொல்லப்பட்டது. சொன்னவர் தம் கைச்சரக்கையும் சேர்த்துக்கொண்டார். ஒரு திங்கள் கழிந்தபின் அது யாருடைய கதை என்பதே தெரியாமல் போயிற்று. எழுத்தாளனுக்கு இது இழப்பா, ஆதாயமா? காப்புரிமை பேசுவோர் இழப்பு என்பர். நாட்டுப்புறவியல் கற்றோர், பெயர் உதிர்ந்த பின்னும் வாழும் கதையே நன்றாகச் சொல்லப்பட்ட கதை என்பர். இவ்விடத்தில் பின்னவர் பக்கமே நியாயம் இருக்கிறது. ஏனெனில் அவரும் அவ்வாறே பெற்றவர்.

இது அவர்மீது இலக்கியவாதிகள் வைத்த முதற்குறையைத் தொடுகிறது. பிறர் கதைகளைத்தானே சொன்னார், தாமே படைத்தது என்ன என்று கேட்டோர் பலர். முல்லாவும் ஜென் துறவிகளும் தெனாலிராமனும் அவருக்கு முன்பே இருந்தவர்கள்தாம். இக்குறையை மறுக்கவேண்டியதில்லை, அது உண்மை. ஆனால் பாரசீகத்து முல்லா கொள்ளிடக்கரைக் குடியானவனைப் போலப் பேசியது எப்படி? அதை ஒருவர் செய்தாக வேண்டும். இராமகாதை வடமொழியில் இருந்தது என்பதற்காகக் கம்பனை எவரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. தென்கச்சியாரைக் கம்பனோடு ஒப்பிடுவதாகக் கருதிவிடவேண்டாம். அவரே கேட்டால் அதையும் ஒரு சிரிப்புக் கதையாக்கியிருப்பார். கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்த மண்ணில் வேர்பிடித்தது என்று பார்ப்பதே திறனாய்வு என்பதற்காக இதைச் சொல்லநேர்ந்தது.

இரண்டாம் குறை வலியது. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடத்தில் ஒரு நீதியும் ஒரு நகையும் என்று அளந்து கொடுத்தால், வாழ்க்கையின் சிக்கல்கள் எல்லாம் ஒரு சிட்டிகையில் தீர்ந்துவிடும் என்னும் மயக்கம் உண்டாகாதா? வறுமை, சாதி, கூலி, கடன் ஆகியவற்றை அந்தக் குரல் எவ்வளவு தூரம் தொட்டது? இக்கேள்விக்கு முழுமையான விடை அவர் பக்கம் இல்லை. அரசு வானொலியின் வரம்புகள் இருந்தன என்பது ஒரு காரணம். ஆயினும் அதுவே முழுக்காரணம் ஆகாது. அவருடைய இயல்பே மோதலை நாடாதது. காலை வேளையில் மக்கள் மனம் சற்று இளகவேண்டும் என்பதே அவர் நாடியது. அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவர். புதுமைப்பித்தனிடம் தேடவேண்டியதைப் புதுமைப்பித்தனிடம்தான் தேடவேண்டும்.

'இன்று ஒரு தகவல்' பல தொகுதிகளாக நூலுருவம் பெற்றது. பேருந்து நிலையக் கடைகள் வரை சென்று விற்றது. எழுத்தாளர் என்னும் பெயர் அவருக்கு வந்தது இந்த நூல்களால்தான். ஆனால் அவற்றை மட்டும் படித்து அவரை மதிப்பிடுவது, மெட்டைக் கேளாமல் கீர்த்தனையின் சாகித்தியத்தைப் படிப்பது போன்றது. அச்சில் வேகம் வாசிப்பவன் கையில் இருக்கிறது. அவன் கடைசி வரியை முதலிலேயே கண்ணோட்டமிட்டுவிடுகிறான். வானொலியில் அவ்வாறு முந்திச்செல்ல வழியில்லை. அவர் தரும்போதுதான் கிடைக்கும். ஒரு தொகுதியை ஒரே அமர்வில் படித்தவர்க்குப் பத்தாவது கதையிலேயே அமைப்புப் புரிந்து அலுப்புத் தட்டிவிடும். அது நூலின் குற்றமன்று. நாளுக்கு ஒன்றாக உண்ணவேண்டியதை ஒரே வேளையில் உண்டதால் வந்த அசீரணம். கவிதைத் தொகுதிகளுக்கும் இந்த இடர் உண்டு என்பதைக் கவிஞர் பெருமக்கள் மனத்திற்கொள்ளலாம்.

வானொலிக்குப் பின் சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்னும் காலை நிகழ்ச்சியில் அவர் தோன்றினார். அதுவரை குரலாக மட்டும் அறிந்திருந்தவர்கள் முகத்தைக் கண்டனர். முகம் குரலோடு ஒத்துத்தான் இருந்தது. ஆடம்பரமில்லாத, சிரிக்க மறுக்கும் முகம். என்றாலும் காட்சி அவருக்குப் பெரிதாக எதையும் கூட்டிவிடவில்லை. கேட்பவர் கற்பனையில் அவரவர் ஊர்ப் பெரியவர் ஒருவரின் உருவில் இருந்தவர், இப்போது ஒரே உருவத்தில் அடங்கினார். தறியில் இருந்தவரும் தலைநிமிர்ந்து திரையைப் பார்க்கவேண்டியதாயிற்று. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் அவர் மறைந்தபோது, நேரில் ஒருமுறையேனும் கண்டிராத எத்தனையோ வீடுகளில் உறவினர் ஒருவரை இழந்த வருத்தம் இருந்தது. நாள்தோறும் ஒரு குரல் வீட்டுக்குள் வந்துபோனால் அது உறவாகிவிடுகிறது.

இனி, எஞ்சியிருப்பது பற்றி. மேடைப் பேச்சுக்குச் சுருக்கெழுத்தாளர் இருந்தார். எழுத்துக்கு அச்சகம் இருந்தது. வானொலிப் பேச்சுக்கு ஒலிநாடா ஒன்றே சான்று. நாடாவோ விலையுயர்ந்தது, ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது உலகெங்கும் நிலையங்களில் வழக்கமாக இருந்தது. எத்தனையோ நாடகங்களும் கவியரங்கங்களும் இசையரங்குகளும் அவ்வாறு காற்றோடு போயின. தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் அச்சில் உள்ளதைக் கொண்டே வரலாறு எழுதுகின்றனர். அழிந்த நாடாக்களில் இருந்த தமிழுக்கு அவர்கள் நூல்களில் ஓர் இயல்கூட இல்லை. தென்கச்சியாரின் பேச்சுகளில் ஒரு பகுதியேனும் தப்பியது நல்லூழ். அப்பதிவுகள் இன்று கைப்பேசிகளில் கேட்கக் கிடைக்கின்றன. அவர் பேசிய காலத்தில் பிறக்காதவர்களும் கேட்கின்றனர்.

கவியரங்கில் தம் பாடலைத் தாமே படிக்கும் கவிஞர்கள் அப்பதிவுகளைக் கேட்டல் வேண்டும். கதையின் கடைசி வரிக்கு முன்னால் அவர் விடும் இடைவெளியைக் குறித்துக் கேட்டல் வேண்டும். ஒரு மூச்சு அளவே இருக்கும். அந்த மூச்சுக்குள் கேட்பவர் தாமாக ஒரு முடிவை ஊகித்துவிடுவார். ஊகித்தது பிழை என்பதை அடுத்த சொல் காட்டிவிடும். நூலாக்கியபோது அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளியும் ஒரு புதுப்பத்தியும்தான் வைக்க முடிந்தது. இப்போது வலையொலி தயாரிப்போர், பேச்சின் நடுவே வரும் அமைதிகளைத் தானே கண்டறிந்து வெட்டி ஒட்டிவிடும் மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். தென்கச்சியாரின் பதிவொன்றை அதில் இட்டால் முதலில் போவது அந்த ஒரு மூச்சுத்தான்.